ஆறாங்கிளாஸ் மணல்

மணலில் சைக்கிள் ஓட்ட முடியாது. இந்த உண்மையைக் கண்டுபிடிக்க நான் விவசாயக் கல்லூரியில் படித்து, மண் ஆய்வு உதவியாளர் என்று ஒரு பதவியும் வாங்க வேண்டியிருந்தது.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று பேச்சு. எந்த நிலம் பயிருக்கு, எந்த நிலம் ஷெட்டுக்கு என்று பிரித்துச் சொல்ல அரசாங்கத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆரம்பாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கி, பழவேற்காட்டு ஏரி இருக்கும் கிழக்குத் திசையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவேன். ஊரில் எனக்குப் பல பட்டப்பெயர்கள் இருந்தன. அச்சில் போடத் தக்கது, "மண்ணை மோந்து பாக்கறவன்" என்ற ஒன்றுதான். டீக்கடைக்குள் நான் நுழைந்தால் டீத்தூள் தீர்ந்துவிடும். நான் வெளியே வந்ததும் மறுபடி கிடைத்துவிடும்.

அவர்கள் மேல் தப்பில்லை. நான் குழி வெட்டிய நிலத்தில் அடுத்து வேலிக்கல் நடுவார்கள் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். சொன்னவர் யாரானாலும் விஷயம் தெரிந்தவர்.

அந்த ஊரில் என்னை மிக முறையாக வெறுத்தவர் ஓர் அம்மாள். புருஷன் போன பிறகு தனியாளாக நின்று வேர்க்கடலையும் சவுக்கும் போட்டுக்கொண்டிருந்தார். அவர் நிலத்தை ஒட்டி, ரோட்டுப் பக்கமாக, அவர் கொழுந்தன் நிலம். முன்பு ஒரே நிலமாக இருந்ததைப் பாகம் பிரித்திருந்தார்கள். அந்த வரப்பின் இருபுறமும் அவர்கள் பேசிக்கொள்வதில்லை. ஏசிக்கொள்வது உண்டு.

நான் முதல் குழியை வெட்ட ஆரம்பித்ததும் அம்மாள் வந்து நின்றார்.

"இன்னாயா நோண்டிக்கினு கீற? புதையல் கீதா?"

"மண்ணு எப்படி இருக்குன்னு பாக்கறேம்மா."

"மேல நின்னு பாத்தா தெரியாதா? உள்ள எறங்கினாத்தான் ஒனக்குத் தெரியுமா? மணலு. போ."

ஒரே சொல்லில் முடித்துவிட்டார். எனக்கு அதையே ஒரு பக்கத்துக்கு எழுத வேண்டியிருந்தது. மேலே சாம்பல் கலந்த வெளுப்பு. அதன் கீழ் வெளிர் மஞ்சள். அதற்கும் கீழே, இடுப்பாழத்தில், துருப் பிடித்தாற்போல் புள்ளிகள், உடனே தண்ணீர். கையில் பிடித்தால் உருண்டை ஆகாது. நனைத்துத் தேய்த்தால் நாடாவாக நீளாது. ஊற்றிய தண்ணீரையும் போட்ட எருவையும் நன்றிகூடச் சொல்லாமல் கீழே அனுப்பிவிடும். வயதாக ஆக மண்ணுக்கு அடுக்கடுக்காகக் குணம் வர வேண்டும் என்பது சாஸ்திரம். இதற்கு வயதுதான் ஆகியிருந்தது, குணம் வரவில்லை. அந்த வகையில் எனக்கு நெருங்கிய சொந்தம்.

குழியின் சுவர் வேறு நிற்கவில்லை. நான் அளவு நாடாவைப் பிடித்ததும் சரிந்து என் முழங்காலை மூடியது. அம்மாள் அன்று ஒரே ஒரு முறை சிரித்தார்; அது அப்போதுதான்.

பிறகு ஆசிட் பாட்டிலை எடுத்தேன். சுண்ணாம்பு இருந்தால் ஒரு சொட்டுக்கு நுரைக்கும். பழைய கிளிஞ்சல் துகள் கிடந்த இடத்தில் விட்டதும் சுர்ரென்று பொங்கியது. அவ்வளவுதான். "நெலத்துக்கு விஷம் வெக்கிறான்!" என்று அவர் போட்ட கூச்சலில், வருஷக்கணக்காகப் பேசாத கொழுந்தன்கூட வரப்பைத் தாண்டி ஓடி வந்துவிட்டார். நான் பயத்தில் அறிவியலைத் துணைக்கு அழைத்தேன். "இதுக்குப் பேரு குவார்ட்ஸிப்சாமென்ட்" என்றேன்.

"பொம்பள முன்னாடி இன்னா வார்த்த பேசற நீ?" என்றார் கொழுந்தன்.

அமெரிக்கர்கள் உலக மண்ணையெல்லாம் பத்து இனமாகப் பிரித்து, கிரேக்கமும் லத்தீனும் ஒட்டவைத்துப் பெயர் சூட்டியிருந்த புதுசு; வெறும் மணலுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. நம்மவர்கள் நிலத்தை ஐந்தாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் காதலில் ஒரு கட்டத்தை ஒதுக்கினார்கள். கடற்கரைக்கு இரங்கல். எனக்கு அங்கே வாய்த்தது ஏசல்.

மறுநாள் போனபோது குழி நிறையப் பனங்கருக்கு மட்டைகள் கிடந்தன. பக்கத்தில் இன்னொன்றை வெட்டினேன். அதற்கு மறுநாள் அதில் ஊறிய தண்ணீரில் அம்மாளின் எருமை படுத்திருந்தது. எருமையும் என்னை நல்லபடியாகப் பார்க்கவில்லை.

கடைசியில் வேலை முடிந்தது. பெயர் வைப்பதோடு ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு வகுப்பு போட வேண்டும். ஒன்று முதல் நாலு வரை உழலாம். அதற்கு மேலே போகப் போக மட்டம், ஷெட்டுக்கு விடலாம். கொழுந்தன் நிலத்தில் மணலுக்கு அடியில் கொஞ்சம் களி இருந்தது, ஈரம் நின்றது. நாலு. அம்மாள் நிலம் ஆறு.

"எங்க நெலம் எத்தினியாங் கிளாஸு?" என்று அம்மாள் கேட்டார்.

"ஆறு."

"அவுனுது?"

"நாலு."

அவர் முகம் பொங்கல் பானை மாதிரி பொங்கியது. "நாலாங்கிளாஸா! அவனும் நாலாங்கிளாஸோட நின்னவன்தான், அவன் நெலமும் அங்கயே நின்னுடுச்சா!"

பள்ளிக்கூடத்தில் நாலுக்கு மேலேதான் ஆறு. எனக்குச் சங்கடமாகப் போயிற்று.

"அப்படி இல்லம்மா. இதுல ஆறுன்னா மட்டம். ரயில்ல ஃபர்ஸ்ட் கிளாஸ்தானே ஒசத்தி?"

"ரயில்ல ஒசத்தி. நெலம் இன்னா ரயிலா? ஓடுதா?"

"அம்மா, ஆறுன்னா நிலத்தை எடுத்துக்குவாங்க."

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அவன்கிட்ட எத்தினி டப்பு வாங்கின? ஆறு போட்டுட்டு இப்ப கொறைக்கப் பாக்கறியா? கொறைச்சிப் பாரு, ஊடு போய்ச் சேர மாட்ட."

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஆறு பரவிவிட்டது. அடுத்த தடவை போனபோது கொழுந்தன் ரோட்டிலேயே சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா நைனா, ஒரே நெலத்த ரெண்டா பிரிச்சோம். அவுங்களுக்கு ஆறு, எனக்கு நாலா?"

"நாலுதாங்க நல்லது. வெச்சுக்குங்க."

"நல்லதுன்னா அத அவுங்களுக்குக் குடு. எனக்கு ஆறு போடு. ஊர்ல தல காட்ட முடியல, ஒரே பேஜாரு."

அவர் மனு கொடுத்தார். என் மேலதிகாரிக்கு மனு என்றாலே ஆகாது. இன்னொரு குழி போட்டுத் தொலைக்கச் சொல்லிவிட்டார். எங்கே போட வேண்டும் என்று கொழுந்தனே இடம் காட்டினார்: ரோட்டோரமாக ஒரு மேடு. அண்ணி நிலம் மாதிரியே இருக்க வேண்டும் என்று அவ்வளவு பெரிய நிலத்தில் வெறும் மணலாக இருந்த ஒரே பட்டையைத் தேடிப் பிடித்திருந்தார். எவ்வளவு தோண்டியும் களி தட்டவில்லை. "இந்தப் பட்டை ஆறுதாங்க" என்றேன். என் தோளில் தட்டினார். அந்த ஊரில் என் மேல் அன்பாகப் பட்ட ஒரே கை அதுதான்.

பிறகு நிலம் அளக்கும் சங்கிலியோடு வேறு ஆட்கள் வந்தார்கள். ஆறுக்கெல்லாம் சிவப்பு அடையாளம். அப்போதுதான் ஊருக்குக் கணக்குப் புரிந்தது. கூப்பிடு தூரத்திலேயே அம்மாள் ஆரம்பித்துவிட்டார்.

"ஆறுன்னா மட்டம்னு நீ ஏன்யா சொல்லல?"

"சொன்னேனேம்மா!"

"நம்பறாப்ல சொன்னியா?"

அன்றிலிருந்து என் மேல் உத்தியோகத்திலும் சரி, எழுத்திலும் சரி, இதே குற்றச்சாட்டுதான்.

கார்களில் கம்பெனிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஷூவோடு அம்மாளின் நிலத்தில் நடந்தார்கள். கணுக்கால் வரை புதைந்தார்கள். அஸ்திவாரத்துக்கு ஒரு குழி வெட்டிப் பார்த்தார்கள். இடுப்பாழத்தில் தண்ணீர் வந்தது, சுவர் சரிந்தது. எருமை வந்தது. ரோட்டிலிருந்து தூரம் வேறு. எல்லோருமாகத் திரும்பி ரோட்டோரத்து மேட்டைப் பார்த்தார்கள்: காய்ந்த மணல், லாரி நேரே வந்து நிற்கும், காகிதத்தில் ஆறு. கொழுந்தன் மனு போட்டு வாங்கிய பட்டையில் மதில் எழும்பியது. அம்மாள் நிலத்தின் சிவப்பு அடையாளத்தை வேறு யாரோ வந்து அழித்துவிட்டுப் போனார்கள். கொழுந்தனுக்கு மீதி நிலம் மதிலுக்குப் பின்னால் போயிற்று; வண்டி போக வேண்டுமானால் பின்பக்கத்து வண்டிப்பாதையில் சுற்றி வந்து அண்ணி வரப்பைத்தான் மிதிக்க வேண்டும். அதற்கு அம்மாள் விட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டிய விஷயமா அது?

சில வருஷம் கழித்து ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறி உட்கார்ந்தால், எதிர் பெஞ்சில் அம்மாள். காலடியில் கடலை மூட்டை. என்னைப் பார்த்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் எனக்குக் கேட்கும்படியாகப் பேசினார்.

"இதோ குந்திக்கினு கீதே, இந்த ஆளுதான் எங்க நெலத்துக்கு மார்க்கு போட்டது. எங்களுக்கும் ஆறு, எங்க கொழுந்தனுக்கும் ஆறு. எங்களுது சொந்த ஆறு. அவுனுது கேட்டு வாங்கின ஆறு. நிக்குமா?"

"இவுரு பெரிய படிப்பா?" என்றாள் அந்தப் பெண்.

"இன்னா படிப்போ. மணல மணலுன்னு சொல்லத் தெரியாது."

மூட்டையைப் பிரித்து அந்தப் பெண்ணுக்கு ஒரு கை கடலை கொடுத்தார். ஜன்னலோரத்தில் இருந்தவருக்குக் கொடுத்தார். அறிமுகமே இல்லாத ஒரு போலீஸ்காரருக்கும் கொடுத்தார். எனக்கு முன்னால் கை நீண்டு, வளைந்து, மடிக்கே திரும்பிப் போயிற்று. பிறகு உரித்த தோலை நிதானமாக என் செருப்பு மேல் போட்டுக்கொண்டே வந்தார். பொன்னேரி தாண்டியும் நிறுத்தவில்லை. தோலில் ஒட்டியிருந்த மணல் என் கால்விரல் இடுக்கில் உதிர்ந்தது. பழக்கதோஷம், குனிந்து பார்த்தேன். உலர்ந்த நிலையில் சாம்பல் கலந்த வெளுப்பு. ஒட்டாது.