வயிற்றில் இல்லாத நெருப்பு

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், செல்போன் கடை ஒன்றின் மாடியில், இன்டர்வியூவுக்கு ஆள் தயார் செய்யும் வகுப்பு நடந்தது. நாற்பதைத் தாண்டிய பிறகு அங்கே போய் உட்கார்ந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அதன் பிறகு திருப்பூர், ஓசூர், விசாகப்பட்டினம், தூத்துக்குடி. லாரி கிளீனர், ஓட்டல் சப்ளையர், உப்பளத்தில் கூலி. எங்கேயும் ஓராண்டு நிலைத்ததில்லை. பாதி ஊர்களுக்கு என் மனைவியும் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு கூடவே வந்தாள். மீதி ஊர்களிலிருந்து நான் போன்கூடச் செய்ததில்லை.

இந்த முறை நிலைத்தாக வேண்டும். எடமலைப்பட்டி புதூரில் வாடகை வீட்டுக்குள் நுழைந்த அன்றே அவள் சொல்லிவிட்டாள்.

"இதோட சரிங்க. இனிமே நான் மூட்டை கட்ட மாட்டேன். நீங்க போறதா இருந்தா போங்க. நான் இங்கதான் இருப்பேன்."

மதுரை சாலையில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் கிடங்குக்கு, சரக்கு வருவதையும் போவதையும் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். ஒரே நாற்காலி, ஒரே வாசல். அந்த வேலைக்காகத்தான் வகுப்பு.

'உங்களை உந்துவது எது' என்று இன்டர்வியூவில் கேட்பார்களாம். அதற்கான பதிலை வாத்தியார் வயிற்றில் கைவைத்துச் சொல்லிக்காட்டினார். "ஐ ஹேவ் ஃபயர் இன் மை பெல்லி." வயிற்றில் நெருப்பு இருந்தால் சாதிக்கும் வெறி இருக்கிறது என்று வெள்ளைக்காரன் புரிந்துகொள்வானாம்.

"எங்க வீட்ல அதுக்கு சோடா வாங்கித் தருவாங்க சார்," என்றான் மணப்பாறையிலிருந்து வந்த பையன்.

வாத்தியார் விடவில்லை. இதயத்தை ஊற்றி வேலை செய்வேன் என்று ஒரு வாக்கியம். துணிச்சலுக்குக் குடல். பரம்பரை ஆர்வத்துக்கு ரத்தம். என் பக்கத்தில் இருந்த பொன்மலைக்காரன் குனிந்து, "என்னண்ணே இது, கிளாஸா கறிக்கடையா?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தது என் மனைவிதான். நான் எந்த ஊரில் கிடக்கிறேன் என்று தெரியாத மாதங்களைப் பற்றிப் பேசும்போது அவள் சொல்வது அது. வாத்தியார் சொல்கிற நெருப்பு என் உடம்பில் எங்காவது இருக்கிறதா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். வயிற்றில் பசி இருந்தது. நெஞ்சில் பீடி இழுத்த இளைப்பு இருந்தது. இருந்தாலும் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டேன்.

இன்டர்வியூ அன்று கிடங்கில் எங்கள் வகுப்பே வரிசையாக உட்கார்ந்திருந்தது. உள்ளே பேசுவது பலகைத் தடுப்பைத் தாண்டிக் கேட்டது. முதலில் போனவன் வயிற்றில் நெருப்பு என்றான். இரண்டாவது ஆளும் அதையே சொன்னான். அதற்கடுத்தவன் தொடங்கும்போதே உள்ளே சிரித்துவிட்டார்கள்.

பொன்மலைக்காரன் வெளியே வந்து என் காதில், "வயிறு வேணாம்ணே. வேற எதாவது சொல்லுங்க," என்றான்.

"வேற எது?"

"இதயத்தை நான் சொல்லிட்டேன்."

உள்ளே இருந்த அதிகாரி நடுவயதுப் பெண். என்னைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்களும் அந்த மாடி கிளாஸா?"

"ஆமாங்க மேடம்."

"அப்ப உங்க வயித்துலயும் எரியுதா?"

"இல்லைங்க. எனக்கு அங்க ஒண்ணும் இல்ல."

அவர் என் தாளைப் புரட்டினார். "இத்தனை ஊரு. எதுலயும் நிக்கலையே, ஏன்?"

இனிமேல் நிற்பேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"காலுங்க மேடம். கொஞ்ச நாள் ஆனா உள்ளங்கால்ல என்னமோ ஊறும். பஸ் ஸ்டாண்டு பக்கம் போனா நின்னு போர்டு எல்லாம் படிப்பேன். போறதுக்கு இல்லைங்க, சும்மா படிப்பேன்."

"இங்கிலீஷ்ல அதுக்கும் ஒண்ணு உண்டு. கால் அரிக்குதும்பாங்க. கிளாஸ்ல சொல்லித் தரலையா?"

"தரலைங்க."

கிடங்கு வேலை எனக்குச் சரிப்படாது என்றார். ஆனால் லைனுக்கு ஆள் வேண்டும். வேனில் போய்க் கடை கடையாக ஆர்டர் எடுக்க வேண்டும். புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை, ராமநாதபுரம். ஞாயிறு மட்டும் திருச்சி. அவர் ஊர்ப் பெயர்களைச் சொல்லச் சொல்ல, செருப்புக்குள் என் விரல்கள் மடங்கி விரிந்தன. யோசிப்பதற்கு முன்னால், "சரிங்க மேடம்," என்றுவிட்டேன்.

அங்கிருந்து நேராக ஸ்ரீரங்கம் போனேன். கோயிலுக்கு வருகிறவர்களின் செருப்புகளை வாங்கி வைக்கும் இடத்தில் என் மனைவிக்கு வேலை. என்னைக் கண்டதும் கையை நீட்டிச் செருப்பை வாங்கித் தட்டில் வைத்தாள்.

"கும்பிட்டுட்டு வாங்க. கிடைச்சிருச்சுல்ல? மூஞ்சியே சொல்லுது."

"கிடைச்சுது. கிடங்குல இல்ல. லைன்ல. ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பேன்."

அதற்குள் ஒரு சுற்றுலா பஸ் கூட்டம் வந்துவிட்டது. அவள் ஜோடி ஜோடியாக வாங்கி அடுக்கினாள், டோக்கன் கொடுத்தாள். நான் வெறுங்காலோடு ஓரமாக நின்றேன். கல் சுட்டது. கூட்டம் உள்ளே போன பிறகுதான் திரும்பினாள்.

"நீங்க கேட்டீங்களா, அவங்களே குடுத்தாங்களா?"

"அவங்கதான் குடுத்தாங்க."

"வேணாம்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"தோணலை."

"தோணலை."

அவள் திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். திட்டவில்லை.

"வீட்டுக்காரர்ட்ட சொல்லி வாடகைப் பத்திரத்தை என் பேருக்கு மாத்திருங்க. ஞாயித்துக்கிழமை வர்றதா இருந்தா முதநாளே போன் பண்ணுங்க. அதுக்குத் தகுந்தாப்ல அரிசி போடணும்."

விருந்தாளிக்குச் சொல்வதுபோல் இருந்தது. பிறகு நான் கேட்காமலே என் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தாள்.

"புதுசு வாங்கிக்கங்க. இது ராமநாதபுரம் வரைக்கும் தாங்காது."

போட்டுக்கொண்டேன். அவள் அடுத்தவரிடம் டோக்கன் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளங்காலில் ஊறல் நிற்கவில்லை.