குறைத்துக் கொடுங்கள் என்று கேட்ட பெர்னார்ட்

சர்க்கார் நிர்ணயித்த கூலி எனக்கு வேண்டாம், அதைவிடக் குறைத்துக் கொடுங்கள் என்று ஒரு மனிதர் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பெயர் பெர்னார்ட். கோலார் தங்க வயல்காரர். சுரங்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் மரம் கட்டியவர். மரம் கட்டுவது என்றால், பூமிக்கு அடியில் தோண்டிக்கொண்டே போகும்போது மேலே நிற்கிற பாறை ஆள் தலையில் இறங்காமல் கட்டை கொடுத்து நிறுத்துவது. 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். அதற்கு அடுத்த வருஷம், பெங்களூர் பக்கம் பொம்மசந்திராவில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்த கம்பெனியின் வாசலில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து நின்றார்.

எங்கள் கம்பெனி மூடி செய்கிற கம்பெனி. மருந்து பாட்டில் மூடி, எண்ணெய் கேன் மூடி, இப்படி. மெஷினிலிருந்து விழுகிற மூடியின் ஓரத்தில் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சின்னக் கத்தியால் சுற்றிச் சீவி எறிய வேண்டும். கேட்டால் என்ன பெரிய வேலை என்று தோன்றும். ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். சாயங்காலம் கட்டைவிரல் நம்முடையது போலவே இருக்காது. அந்த வேலைக்குத்தான் பெர்னார்ட் வந்தார்.

மேனேஜர் ஆராவமுதன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வயசு என்னய்யா ஆச்சு?"

"நாப்பத்தொம்பது சார்."

"இந்த வயசுக்கு சர்க்கார் ரேட் குடுத்து உங்கள வெச்சுக்கறதுக்கு, நான் ஒரு சின்னப் பையன வேலைக்கு எடுத்துப்பேனே."

"அந்த ரேட்டே எனக்கு வேணாம் சார். நீங்களா பாத்து கொறைச்சுக் குடுங்க. எங்கயும் போய் சொல்ல மாட்டேன். ரெண்டாவது பொண்ணு ஆஷா நர்சிங் படிக்குது சார். பாதியில நிக்குது." இதைச் சொல்லிவிட்டுத்தான் கும்பிட்டார்.

பாவம், அவருக்கு ஒரு விஷயம் தெரியாது. எங்கள் கம்பெனியில் பிசிறு சீவுகிற யாருக்குமே அந்த ரேட் கிடையாது. இல்லாததை வேண்டாம் என்று சொல்லி வேலை வாங்கிய ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

வேலை கிடைத்த நாளிலிருந்து அவருக்கு இருந்தது ஒரே பயம்தான், வேலை போய்விடும் என்பது. சுரங்கத் தூசியைத் தின்ற நெஞ்சு, இருமல் வரும். ஆராவமுதன் செருப்புச் சத்தம் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு முகம் சிவக்க அடக்கிக்கொள்வார். அவர் கடந்து போனதும் கக்கூஸ் பக்கம் ஓடிப்போய் மொத்தமாக இருமிவிட்டு வருவார். சாயங்காலம் கத்தியைத் திருப்பிக் கொடுக்க ஸ்டோருக்கு வரும்போது தினமும் என்னிடம் ஒரே கேள்வி: "சுந்தரம் சார், நாளைக்கு வேலை இருக்குதில்ல?" முதலில் சிரித்தேன். பிறகு எரிச்சல் வந்தது. "இருக்கு, போங்க!" என்று விரட்டுவேன். அவர் ஏதோ ஆசீர்வாதம் வாங்கின மாதிரி போவார். ஹெப்பகோடியில் தங்க வயல்காரர்கள் நாலைந்து பேரோடு ஒரு அறையில் தங்கியிருந்தார். சனிக்கிழமை ஆனால் ரயிலேறி மனைவி மேரியம்மாவைப் பார்க்க ஊருக்குப் போவார்.

சீவுகிற பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் ரத்தினம்மாள். மர்பி டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். புருஷன் போன இடம் தெரியாது, வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். கை மெஷின் மாதிரி ஓடும், வாய் அதைவிட வேகம். "அண்ணே, மூடியச் சீவுங்க, பாறைய உடைக்காதீங்க" என்று அவரைக் கிண்டல் செய்தவளும் அவள்தான், கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டால் கொப்புளம் வராது என்று சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். முதல் மாதங்களில் அவர் கூடையில் மூடி குறைந்தால், பேச்சுக் கொடுத்துக்கொண்டே தன் கூடையிலிருந்து ஒரு கை அள்ளிப் போடுவாள். அது இல்லாவிட்டால் பெர்னார்ட் அந்தப் பெஞ்சில் தாக்குப் பிடித்திருக்க மாட்டார்.

ஆராவமுதனை ராட்சசன் என்று நினைத்துவிட வேண்டாம். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பார், யாருக்காவது காய்ச்சல் என்றால் தன் ஸ்கூட்டரிலேயே டாக்டரிடம் கொண்டுபோய் விடுவார். ஆனால் இந்தக் கூலிச் சட்டம் என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. "இந்தச் சட்டத்த எடுத்துட்டான்னா இன்னும் பத்து பேருக்கு வேலை குடுப்பேன் சுந்தரம். குறைச்சலா வாங்கிண்டு வேலை பார்க்க ஒருத்தன் தயார், குடுக்க நான் தயார். நடுவுல சர்க்காருக்கு என்ன வேலை? பெர்னார்டையே கேளுங்கோ." பசித்தவன் சம்மதித்தான் என்பதெல்லாம் ஒரு சம்மதமா என்று வாய்வரை வரும். என் சம்பளமும் அவர் கையில் இருந்ததால் அங்கேயே நின்றுவிடும்.

லேபர் இன்ஸ்பெக்டர் இந்தப் பக்கம் சுற்றுகிறார் என்று ஒரு நாள் செய்தி வந்தது. ஆராவமுதன் பெஞ்சில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு, எவ்வளவு வாங்குகிறோம் என்று கேட்டால் சட்டப்படியான தொகையைச் சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தினார். ஒவ்வொருவராகச் சொல்ல வைத்தார். பெர்னார்ட் எல்லோரையும்விடச் சரியாகச் சொன்னார். அதோடு விடவில்லை. வேலை செய்துகொண்டே வாய்க்குள் முணுமுணுத்தார், டீ குடிக்கும்போது என்னிடம் ஒப்பித்துக் காட்டினார். "தப்பா வந்துடக் கூடாதே சார்" என்றார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே வந்ததால் தலையில் மஞ்சள் ஹெல்மெட். உள்ளே வந்தும் அதைக் கழற்றவில்லை. கூலி பற்றி எதுவும் கேட்கவும் இல்லை. பெஞ்சு ஓரமாக நடந்து வந்து, பெர்னார்ட் முன்னால் நின்று, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்பதுபோல, "எல்லா சரியாகிதெயா?" என்றார் கன்னடத்தில், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று.

பெர்னார்ட் எழுந்து விறைப்பாக நின்றார். "இல்ல சார்" என்றார்.

ஆராவமுதன் முகத்தில் ரத்தமே இல்லை. இன்ஸ்பெக்டர் திரும்பி, இப்போது தமிழிலேயே, "என்ன சரியில்ல?" என்று கேட்டார்.

"சம்பளம் கம்மி சார். சட்டத்துல இருக்கிறது வர்றதில்ல. ஆனா நான்தான் சார் கேட்டு வாங்கினேன், மேனேஜர் மேல தப்பில்ல."

"நீ கேட்டாலும் அவர் குடுக்கக் கூடாதுப்பா. நீ எழுதிக் குடுத்தாலும் செல்லாது" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு ஆராவமுதனோடு அறைக்குள் போனார். வெளியே வர வெகுநேரம் ஆனது.

அன்று சாயங்காலம் ஸ்டோரில் நான் பெர்னார்டைப் பிடித்து உலுக்காத குறை. "இத்தனை தடவை ஒப்பிச்சீங்களே, என்ன ஆச்சு உங்களுக்கு?" மனிதர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். "தெரியல சார். கீழ சுரங்கத்துல ஹெல்மெட் போட்ட ஆபீசர் வந்து, முன்னால நின்னு, எல்லாம் சரியான்னு கேட்டா பொய் சொல்லக் கூடாது. யூனியன் சண்டை, சம்பளச் சண்டை எல்லாம் மேல. கீழ மட்டும் பொய் கிடையாது. ஒருத்தன் பயந்து போய் சரின்னு சொல்லிட்டான்னா அடுத்த ஷிப்ட்டுக்கு இறங்குறவன் செத்துடுவான். அவரு ஹெல்மெட்டோட வந்து நின்னாரு. நான் யோசிக்கறதுக்கு முன்னால வாய் பேசிடுச்சு சார்." சம்பளம் எவ்வளவு என்று நேராகக் கேட்டிருந்தால் ஒப்பித்திருப்பார். யாரும் சொல்லிக்கொடுக்காத கேள்வி வந்து விழுந்ததில் ஆள் மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் மோசமானவை. பெஞ்சில் பேச்சு நின்றுபோனது. முழுக் கூலி வரப்போகிறது என்று சிலருக்கு உள்ளூர சந்தோஷம், ஆனால் அதைக் காட்டிக்கொள்ளப் பயம். மற்றவர்கள் பெர்னார்டைப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது. ரத்தினம்மாள் மட்டும், "உள்ளதத்தானே சொன்னாரு, திருடவா செஞ்சாரு?" என்று அவர்கள் வாயை அடைத்தாள். பெர்னார்ட் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார், மூடுவார். டெலிபோன் மணி அடித்தால் கத்தி கையில் நின்றுவிடும்.

உத்தரவு வந்தது. எல்லோருக்கும் சட்டப்படி முழுக் கூலி, கொடுக்காமல் விட்ட பாக்கியும் சேர்த்து. ஆராவமுதன் பாக்கியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, இனி பெஞ்சில் பாதிப் பேர்தான் என்றார். மீதி மூடிகளை வெளியே வீடுகளுக்குக் கொடுத்துச் சீவி வாங்குவதாக ஏற்பாடு. போகிறவர்களில் ரத்தினம்மாள் பெயர் இருந்தது. பெர்னார்ட் பெயர் இல்லை. இன்ஸ்பெக்டரிடம் பேசியவனை வெளியே அனுப்பினால் பழிவாங்கியதாகக் கேஸ் வரும் என்று வக்கீல் சொல்லியிருந்தாராம். வேலையில் மிஞ்சியவர்களில் மிகவும் மெதுவாகச் சீவுகிறவர் அவர்தான்.

மறுநாள் காலையில் பெர்னார்ட் என்னிடம் வந்தார். "சார், எனக்குப் பதிலா அந்தப் பொண்ண வெச்சுக்கச் சொல்லிடறேன். அதான் நியாயம்." கண் இரண்டும் வீங்கியிருந்தது. நேராகப் போய் ஆராவமுதன் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார். கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது. மேஜை முன்னால் நின்றார். ஆராவமுதன் நிமிர்ந்து பார்த்து என்னவோ கேட்டார். பெர்னார்ட் வாயைத் திறந்தார், மூடினார். சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். ஆஷாவின் காலேஜிலிருந்து பரீட்சைக் கட்டணத்துக்கு வந்திருந்த கடிதம் அதில்தான் இருந்தது. பிறகு எதுவுமே பேசாமல் வெளியே வந்துவிட்டார்.

"இருமல் வந்துடுச்சு சார்" என்றார் என்னிடம். இருமல் எதுவும் வரவில்லை. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் சொல்லக் கூடாது.

இரண்டு மாதம் கழித்து டெம்போவில் மூட்டைகளோடு நானும் அவரும் மர்பி டவுனுக்குப் போனோம். வீடுகளில் சீவிய மூடிகளைப் பார்த்து, சரியில்லாததைத் தள்ளி, புது மூட்டை போட்டு வர வேண்டும். பொறுக்குகிற வேலையை ஆராவமுதன் பெர்னார்டுக்குக் கொடுத்திருந்தார். கஷ்டமில்லாத வேலையாகட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார். இரண்டாவது சந்தில் மூன்றாவது வீடு ரத்தினம்மாளுடையது என்பது எங்களுக்கு அங்கே போய் நின்ற பிறகுதான் தெரிந்தது.

"வாங்கண்ணே!" என்று முகம் மலர்ந்து கூப்பிட்டாள். தரையெல்லாம் மூடி. இரண்டு பெண் பிள்ளைகளும் யூனிபாரத்தைக்கூட மாற்றாமல், கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு சீவிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் சேர்ந்து சீவியும், பழைய குறைந்த கூலியில் பாதிகூடத் தேறவில்லை என்று அவளே சொன்னாள். குறை சொல்லும் குரலில் இல்லை, பஸ் லேட் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

பெர்னார்ட் மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். சின்னவள் சீவியதில் நிறைய மூடிகள் வெட்டுப்பட்டிருந்தன. அவற்றைத் தள்ள வேண்டும். தள்ளினால் அதற்குக் காசு கிடையாது. அவர் கை ஒரு மூடியை எடுத்தது, கீழே வைத்தது, திரும்ப எடுத்தது. கடைசியில் ஒன்றைக்கூடத் தள்ளாமல் மூட்டையைக் கட்டினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு திடீரென்று, "நான் போய் சொல்றேம்மா" என்றார். "அந்த இன்ஸ்பெக்டர் ஆபீஸ் எனக்குத் தெரியும். வீட்ல செஞ்சாலும் கூலி கூலிதானே. இந்தத் தடவை நானே நேரா போயி சொல்றேன்."

ரத்தினம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது. மடியிலிருந்த மூடிகள் சிதற எழுந்து வந்து, அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வேணாண்ணே. உங்க பொண்ணு மேல சத்தியமா வேணாம். நீங்க வாயத் தொறந்தா இதுவும் போயிடும்."