எதிர்த்திசையில் சுற்றிய வியாழன்

நான் கல்லூரியில் ஒளியியல் பாடம் எடுத்தவன். குழியாடி, குவியாடி, சமதள ஆடி ஒவ்வொன்றிலும் பிம்பம் எப்படி விழும் என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டியே வயதானவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததை அறியாமை என்று நினைத்து யாரும் மன்னித்துவிடக் கூடாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆண்டு, வால்நட்சத்திரம் ஒன்று துண்டு துண்டாக உடைந்து வியாழன் கோளின் மேல் விழுந்தது. விழுந்த இடங்களில் கரும்புள்ளிகள் தோன்றின. சிறிய தொலைநோக்கியிலும் தெரியும் அளவுக்குப் பெரிய புள்ளிகள். வடக்கே இருந்த ஓர் ஆய்வு நிலையம், ஊர் ஊராக ஆட்களை வைத்து அந்தப் புள்ளிகளைப் படம் வரைந்து அனுப்பச் சொன்னது. கோயம்புத்தூரில் அந்த வேலையை ஓர் அறக்கட்டளையின் அருங்காட்சியகம் ஏற்றுக்கொண்டது. கீழே பழைய நூற்பு இயந்திரங்களும் குறுக்கே அறுத்து வைத்த பம்புசெட்டும் இருக்கும். மாடியில் கோள்களின் மாதிரிகள். மொட்டை மாடியில் இரண்டு தொலைநோக்கிகள். ஒன்று பெரியது, கண்ணாடி வைத்தது. மற்றொன்று சிறியது, லென்ஸ் வைத்தது. ஆட்களைச் சேர்த்து, பழக்கி, படங்களை வாங்கித் தொகுத்து அனுப்பும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

தொண்டர்கள் தேவை என்று அறிவிப்புப் பலகையில் எழுதினேன். அருங்காட்சியகக் காவலாளி அதைப் படித்துவிட்டு, “ஏனுங்க சார், தொண்டருங்கன்னு போட்டா கட்சிக்காரங்க வந்துருவாங்க, சோறு போடோணும்” என்றார். தன்னார்வலர்கள் என்று மாற்றினேன். பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். வங்கி ஊழியர் ஒருவர், பள்ளி ஆசிரியர்கள், மில்லில் மேற்பார்வையாளராக இருந்தவர். துடியலூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். நான் சொல்லவந்தது அவளைப் பற்றி.

அவள் பி.எஸ்.சி. இயற்பியல் முடித்த கையோடு கல்யாணமாகி வந்தவள். மாமனார் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். மேலே படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வீட்டில் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. இந்த வேலைக்கு வர அனுமதி கேட்டபோது மாமனார் ஒரு பேச்சு சொல்லியிருக்கிறார்: “போய்ச் செய்யட்டும். ஆராய்ச்சிக்காரங்க அனுப்பற அறிக்கையில பேரு வந்துச்சுன்னா எம்.எஸ்.சி. சேத்துடலாம். வரலைன்னா இதோட உட்டுறோணும்.” முதல் நாளே அவள் இதை என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். “ஆகையால சார், எம் பேரு உங்க கையிலதானுங்க இருக்குது.” நானும் சிரித்தேன்.

ஜூலை மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மேகத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பொழுது சாய்ந்ததும் எல்லோரும் மாடியில் வந்து நிற்போம். மேகம் கொஞ்சம் விலகும், வியாழன் தெரியும், பென்சிலை எடுப்பதற்குள் மூடிக்கொள்ளும். சிங்காநல்லூர்க்காரர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தவிப்பார்கள். அந்தப் பெண் தவித்து நான் பார்த்ததில்லை. அவள் கணவன் மொபெட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, கீழே டீக்கடையில் காத்திருப்பான். அவள் தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். மேகம் விலகும் நேரத்துக்காக அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்தவர்கள் வேறு யாரும் இல்லை.

எங்கள் வேலைக்கு விதிகள் இரண்டு. ஒன்று, தெற்கு மேலே இருக்கும்படி படத்தைக் கொடுக்க வேண்டும். தொலைநோக்கியில் எல்லாம் தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் தெரியும் என்பதால், பார்த்தபடி வரைந்தாலே தெற்கு மேலே வந்துவிடும். புள்ளிகள் விழுந்தது தெற்குப் பக்கம், ஆகவே படத்தில் அவை மேல்பாதியில் இருக்கும். கோள் சுற்றச் சுற்ற வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கு நகரும். இரண்டாவது விதி, ஒருவர் வரைந்ததை இன்னொருவர் பார்க்கக் கூடாது. தன் கண் கண்டதை மட்டுமே வரைய வேண்டும்.

இரண்டு விதிகளையும் கெடுத்தவன் நான்தான்.

புள்ளிகள் தோன்றிய இரண்டாம் மாலை, அறக்கட்டளையின் பெரியவர் வியாழனைப் பார்க்க வந்தார். மில் முதலாளி, கனத்த உடம்பு, இடுப்பில் வலி. வியாழன் அப்போது உச்சிக்குப் பக்கத்தில் இருந்தது. சிறிய தொலைநோக்கியில் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தை மடக்கிக் கீழே குந்த வேண்டும். அவரால் முடியவில்லை. நான் ஓடிப்போய் அலமாரியிலிருந்து எல்போவை எடுத்துவந்து மாட்டினேன். குழாய் வேலைக்காரர்கள் வைத்திருக்கும் வளைவு போலவேதான் அதுவும் இருக்கும், உள்ளே ஒரு சிறு கண்ணாடி பதித்திருப்பார்கள். அதை மாட்டினால் நாற்காலியில் உட்கார்ந்து குனிந்து பார்த்தால் போதும். பெரியவர் பார்த்தார். “அட, லட்டு மேல ஈ ஒக்காந்த மாதிரி இருக்குதுங்க” என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரைக் கார்வரை கொண்டுபோய் விட்டுவந்தேன். எல்போவைக் கழற்றவில்லை. மறந்துபோனேன்.

மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணும் வங்கி ஊழியரும் சிறிய தொலைநோக்கியில் முறைவைத்துப் பார்த்தார்கள். அவள் என்னைக் கூப்பிட்டு, “சார், புள்ளிக கீழ்ப்பக்கம் தெரியுதுங்களே” என்றாள். நான் பெரிய தொலைநோக்கியின் பக்கம் யாரோடோ கத்திக்கொண்டிருந்தேன். “தாளைத் திருப்பிக் குடுங்க அம்மணி, தெற்கு மேல வந்தாச் சரி” என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் தாளைத் தலைகீழாகத் திருப்பி, மேலே தெற்கு என்று எழுதிக் கொடுத்தாள்.

அன்றைக்கே பெரிய தொலைநோக்கியில் ஒருவர் வரைந்த படம் மிக அழகாக வந்திருந்தது. மற்றவர்களுக்கு உற்சாகம் வரட்டும் என்று அதை மாடிப்படி முடியும் இடத்தில் பலகையில் குத்திவைத்தேன். “இப்படி இருக்கோணும் படம்” என்றேன்.

அந்த வாரக் கடைசியில் எல்லோருடைய படங்களையும் மேசையில் பரப்பினோம். தன்னார்வலர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவள் கணவனும் அன்றைக்கு மேலே வந்து சுவரோரமாக நின்றிருந்தான். எல்லாப் படங்களிலும் புள்ளிகள் ஒரே வரிசையில், வலமிருந்து இடம் நகர்ந்தன. அவள் படங்களில் மட்டும் வரிசை மாறியிருந்தது. இடமிருந்து வலம் நகர்ந்தன. ஒரு நாள் தவறியிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு நாளும் அப்படித்தான் இருந்தது.

அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நான் பேராசிரியர், கேட்க ஆள் இருந்தால் வாய் சும்மா இருக்காது.

“ஏனுங்க அம்மணி, ஊருக்கெல்லாம் வியாழன் ஒரு பக்கமாச் சுத்துது. உங்களுக்கு மட்டும் ரிவர்ஸ் கியர் போட்டுக் காட்டுதுங்களா?”

பெரிய சிரிப்பு. மில் மேற்பார்வையாளர், “துடியலூர்ப் பக்கம் அப்படித்தான் சார், எல்லாம் மேட்டுப்பாளையம் ரோட்டப் பாத்துத் திரும்பிக்கும்” என்றார். இன்னும் சிரிப்பு. அவள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நான் பாத்ததைத்தானுங்க சார் வரைஞ்சேன்.”

“பாத்துட்டு வரைஞ்சீங்களா, ஊட்டுக்குப் போயி வரைஞ்சீங்களா?”

இதையும் நான்தான் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அவள் கணவன் சுவரை விட்டு நகர்ந்து, “போலாமா” என்று மட்டும் கேட்டான். அவள் பென்சில் பெட்டியை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனாள். அதன்பிறகு அவள் வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், வெயில் கொஞ்சம் தலைகாட்டிய நேரத்தில், தொலைநோக்கிகளைத் துடைத்து வைக்க மாடிக்குப் போனேன். சிறியதைச் சும்மா கிடைமட்டமாகத் திருப்பி, தூரத்து மில் புகைபோக்கியைப் பார்த்தேன். அதில் மில்லின் பெயர் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். எழுத்துகள் நிமிர்ந்து நின்றன, ஆனால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலம் மாறி நின்றன. குழாயின் முனையைத் தொட்டுப் பார்த்தேன். எல்போ.

விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. எல்போவின் கண்ணாடி மேல் கீழை மட்டும் நிமிர்த்திவிடும், இடம் வலத்தை மாறியபடியே விட்டுவிடும். அதனால்தான் புள்ளிகள் அவளுக்குக் கீழே தெரிந்தன. நான் சொன்னபடி அவள் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, தெற்கு மேலே வந்தது, கூடவே இடம் வலமாகிப் புள்ளிகள் எதிர்த்திசையில் நகர்ந்தன. அவள் கண் சரியாகத்தான் பார்த்தது, கையும் சரியாகத்தான் வரைந்தது. முதலாமாண்டு மாணவனுக்கு நான் மதிப்பெண் குறைக்கிற தப்பை நானே செய்திருந்தேன்.

அப்படியானால் அதே குழாயில் பார்த்த வங்கி ஊழியரின் படங்கள் எப்படிச் சரியாக இருந்தன? அன்று மாலை அவரிடம் கேட்டேன். அவர் கூச்சப்படவில்லை.

“எனக்கும் மாறித்தானுங்க சார் தெரிஞ்சுது. போர்டுல நீங்க குத்தியிருந்த படத்தைப் பாத்துச் சரிபண்ணிப்போட்டேன். அதுதான நல்ல படம்னீங்க?”

உண்மையைச் சொல்வதென்றால் இத்தனையும் சொல்ல வேண்டும். பெரியவருக்காக எல்போ மாட்டியதை, கழற்ற மறந்ததை, பலகையில் படத்தைக் குத்தியதை. படத்தைப் பார்த்து வேறு யார் யார் திருத்தினார்கள் என்று ஆய்வு நிலையம் கேட்கும். எல்லாப் படங்களும் சந்தேகத்துக்கு ஆளாகும், அருங்காட்சியகத்தின் பெயர் கெடும். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கெடப்போவது என் பெயர் என்பதுதான் உள்ளே இருந்த ஒரே கவலை. எல்போவைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவள் படங்களை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை அனுப்பினேன். அறிக்கை வந்தது. வங்கி ஊழியரின் பெயர் இருந்தது. பொறுப்பாளர் என்று என் பெயர் மேலே இருந்தது. அவள் பெயர் இல்லை.

அறிக்கை வந்தபின் துடியலூருக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறேன் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. மாமனார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“வாங்க சார், உக்காருங்க. அம்மணி, சாருக்குக் காப்பி கொண்டா.”

பட்டறை, மழை, கரண்ட் கட்டு எல்லாம் பேசினார். பிறகு நேராகக் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

“சார், எனக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தெரியாதுங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எங்க மருமக வரைஞ்சது சரிங்களா, தப்புங்களா? சரின்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, பேரு வராட்டிப் போகுது, நான் காலேஜுக்கு அனுப்பிப்போடறேன்.”

அவள் காப்பித் தட்டோடு வாசல்படியில் நின்றிருந்தாள். அவள் கணவன் பட்டறைக் கதவோரம் நின்றிருந்தான். ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தான் வந்திருந்தேன். அந்த வார்த்தைக்கு அடுத்து, பிறகு ஏன் சார் அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க என்று அந்தப் பையன் கேட்பான். அதற்குப் பயந்தேன்.

“முயற்சி நல்லாத்தான் இருந்துச்சுங்க. இதுக்கெல்லாம் ரொம்ப நாள் பழக்கம் வேணும்” என்றேன்.

“அப்பத் தப்புன்னு சொல்றீங்க.”

நான் காப்பியைக் குடித்தேன்.

கிளம்பும்போது அவள் கேட்வரை வந்தாள். திட்டியிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் சொன்னது இதுதான்: “என்னால உங்க வேலைக்கு இடைஞ்சலாப் போச்சுங்க சார். மனசுல வெச்சுக்காதீங்க.”

“பரவாயில்லை அம்மணி” என்றேன்.

இந்த இரண்டு வார்த்தைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கேலி செய்தது வாய்க்கொழுப்பு. மறைத்தது கோழைத்தனம். குற்றமே செய்யாதவள் மன்னிப்புக் கேட்டபோது அதை வாங்கிக்கொண்டதற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அந்தப் பத்தாண்டு முடியும் சமயம், பல்லடத்தில் ஒரு கல்யாணத்தில் அவள் கணவனைப் பார்த்தேன். கூட அவன் மகள், சின்னக் குழந்தை. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு வந்து கும்பிட்டான். அவள் நலமா என்று கேட்டேன்.

“நல்லா இருக்கறாங்க சார். பட்டறைக் கணக்கெல்லாம் அவங்கதான் பாத்துக்கறாங்க. படிப்பு, அது அப்படியே நின்னுபோச்சு. ஊட்டுல நாங்களே அப்புறம் சொன்னோம், போறதுன்னா போன்னு. அவங்கதான் வேண்டாம்னுட்டாங்க. இவ நிலாவைக் காட்டி எதாச்சும் கேட்டாக்கூட, ‘எனக்கு அதெல்லாம் சரியாப் பாக்கத் தெரியாது கண்ணு, அப்பனைக் கேளு’ன்னு சொல்லிப்போடுவாங்க.”

அவன் குறையாகச் சொல்லவில்லை. ஊர் சமாச்சாரம் போலச் சொல்லிவிட்டுச் சிரித்தான். குழந்தை அவன் விரலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தது. பெரியவர் இறந்து போயிருந்தார். அருங்காட்சியகத்தில் நான் இல்லை. கல்லூரியிலும் இல்லை. என்னிடமிருந்து இனிப் பறிக்க யாருக்கும் எதுவும் இல்லாத நேரம் அது. சொல்ல வாயைத் திறந்தேன்.

“சார், பந்தியில எடம் இருக்குது, வாங்க” என்று யாரோ கூப்பிட்டார்கள்.

போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.