சாய்ந்து போன குமிழ்கள்

தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில், நானும் இன்னொரு மாணவியும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தோம். அவள் எனக்கு இரண்டு வருடம் இளையவள், ராதாபுரம் பக்கம். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

பேராசிரியர் வடக்கே ஓர் ஆய்வகத்தில் இருந்தபோது கேட்டு வாங்கிவந்த ஒரு சிறு தகடுதான் எங்கள் உலகம். அதன்மேல் மெல்லிய காந்தப் படலம். நுண்ணோக்கியில் வைத்துக் காந்தப்புலத்தை ஏற்றினால், நெளிநெளியாகத் தெரியும் பட்டைகள் சுருங்கி வட்டப் புள்ளிகளாகும். அவற்றுக்குக் குமிழ் என்று பெயர். குமிழ் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். மின்சாரம் போனாலும் அழியாத கணினி நினைவகத்தை இதை வைத்துச் செய்யலாம் என்று பேராசிரியர் சொல்வார். வெளிநாட்டில் அதற்காகத் திறந்த தொழிற்சாலைகளை எப்போதோ மூடிவிட்டார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

குமிழ்களை நகர்த்துவதற்கான கம்பிச்சுருள்களை நான்தான் செய்தேன். பேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் ஓர் அண்ணாச்சியின் பட்டறையில் உட்கார்ந்து, சுற்றுச் சுற்றாக எண்ணிச் சுற்றியவை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. குமிழ்களைப் பார்த்துக் குறித்துக்கொள்வது அவள் வேலை.

ஒருநாள் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்காமலேயே சொன்னாள்.

“அண்ணே, சில குமிழ் நேரா போகமாட்டேங்கு. சாஞ்சு சாஞ்சு போவுது.”

நானும் பார்த்தேன். பத்தில் இரண்டு மூன்று, தள்ளிய திசையில் போகாமல் பக்கவாட்டில் விலகிப் போயின.

“காயில் லேசா கோணிருக்கும்மா. நான் சரி பண்ணுதேன்.”

“காயில் கோணிருந்தா எல்லாமும்லா சாயணும்? பக்கத்துல உள்ளது நேராத்தானண்ணே போவுது.”

அவள் கேட்டது நியாயம்தான் என்பதாலேயே எனக்குக் கோபம் வந்தது. “இருக்கத மட்டும் எழுது” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன்.

அவள் விடவில்லை. நான்கு மாதம், எந்தக் குமிழ் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று ஒரு நோட்டு நிறையக் குறித்தாள். குமிழின் விளிம்பில் அணுக்கள் எல்லாம் நுண்ணிய காந்த ஊசிகள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. அந்த ஊசிகளை அம்புக்குறிகளாக வரைந்து காட்டினாள்.

“சிலதுல இந்த ஊசிங்க முறுக்கிக்கிட்டு நிக்குன்னு நினைக்கேன். எத்தனை முறுக்கு இருக்கோ அதுக்குத் தக்கன சாயுது. லேசுல அவிழ்க்க முடியாத முறுக்குண்ணே. அதான் அந்தக் குமிழ் சீக்கிரம் அழியவும் மாட்டேங்கு.”

அந்த வருடம் உதவித்தொகை நீட்டிப்பு எங்களில் ஒருவருக்குத்தான் என்று ஆனது. பேராசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

“ஏலே, அந்தப் பிள்ளை சாயுது சாயுதுன்னு சொல்லுதே, நிசமா?”

நான் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “படலத்துல அழுக்கு சார். அந்த அளவையெல்லாம் நம்ப முடியாது.”

நீட்டிப்பு எனக்குக் கிடைத்தது. அவளுக்குச் சொந்த ஊரிலேயே மாப்பிள்ளை பார்த்து ஆவணியில் கல்யாணம். போகும்போது அந்த நோட்டை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

எனக்குப் பட்டம் வந்தது. வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர், “இதை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள்?” என்று கேட்டார். வேலை எங்கும் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு நேர்முகத்துக்காகப் பெங்களூர் போனேன். அதுவும் ஆகவில்லை. ரயிலுக்கு நேரம் இருந்ததால் அங்கே இருந்த நூலகத்தில் நுழைந்து, பைண்டு செய்த பழைய ஆய்விதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் அவள் வரைந்த அம்புகள் அப்படியே இருந்தன. நான் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன காலத்தில் அச்சான கட்டுரை அது. முறுக்கிய சுவர் உள்ள குமிழ்கள் பக்கவாட்டில் விலகும். அவள் சொன்ன அதே காரணம்.

அதை நகல் எடுத்துக்கொண்டு ராதாபுரம் போனேன். வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை.

“வாங்கண்ணே. திருச்செந்தூருக்குப் போயிட்டு வாறியளா?”

“இல்ல. ஒன்னைப் பாக்கத்தான் வந்தேன்.”

நகலைக் கொடுத்தேன். குழந்தையைக் கீழே விட்டுவிட்டு, நின்றபடியே பக்கம் பக்கமாகப் படித்தாள். படங்கள் வந்த இடத்தில் நெடுநேரம் நின்றாள்.

“அழுக்குன்னு சார்ட்ட சொன்னது நான்தாம்மா” என்றேன். “அழுக்கு இல்லன்னு தெரிஞ்சேதான் சொன்னேன்.”

அவள் தாள்களிலிருந்து கண்ணை எடுத்தாள். “நீங்க சொன்னியன்னு சாரே சொன்னாவ” என்றாள். “அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் நம்பிட்டேன். இத்தனை வருஷமும் என் கண்ணுதான் தப்புன்னு நினைச்சிட்டிருக்கேன்.”

அவள் திட்டியிருக்கலாம். திட்டுவாள் என்று நினைத்துத்தான் போயிருந்தேன், அதைக் கேட்டால் கொஞ்சம் ஆறும் என்று.

“மறுபடி படிக்கலாம்லா? நான் சார்ட்ட பேசுதேன்.”

“எங்கனண்ணே படிக்க?” என்று வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். தாள்களை அடுக்கி மடித்து என் கையில் கொடுத்தாள். “இதை வச்சு நான் என்ன செய்ய. காப்பி போடுதேன், குடிச்சிட்டுப் போங்க.”

குடித்தேன். இனிப்புப் போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன்.

இப்போது அந்த மாதிரி முறுக்குள்ள குமிழ்களைப் பற்றி உலகம் மறுபடி பேசுகிறது. மிகக் குறைந்த மின்சாரத்தில் கணக்கற்ற தகவலைச் சேர்த்துவைக்கலாம் என்கிறார்கள். முறுக்கு எளிதில் அவிழாது என்பதுதான் அதில் விசேஷமாம். செய்தித்தாளில் அது வந்தால் நான் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். அவள் பார்த்தாளா என்று தெரியாது. அன்றைக்குப் பிறகு நான் ராதாபுரம் பக்கம் போகவே இல்லை.