நான் திருப்பாத இரண்டாம் பக்கம்

மூன்று வாரத்துக்கு முன்பு குன்னூர் மார்க்கெட்டில் கேரட் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"மேடம்... என்னைத் தெரியலீங்களா? கோயமுத்தூரு ஆஸ்பத்திரியில பக்கத்து பெட்டு. புஷ்பமுங்க."

தெரியாமல் என்ன? இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கும் அவரைத் தெரியும். என் கிட்னிக் கல்லை லேசரால் உடைத்த கதையைப் போன வருடம் இரண்டு வாரம் இழுத்து இழுத்து எழுதினேன் அல்லவா? அதில் பேர் மாற்றி ஒரு தேயிலை எஸ்டேட் பெண் வருவாரே... அவர்தான். ஆனால் ஆள் பாதியாகியிருந்தார். இடது இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"உள்ளே வெச்ச டியூபை எடுக்கும்போது நீங்களும் என்னை மாதிரி கத்தினீங்களா?" என்று கேட்டேன். சிரிக்க வைக்கத்தான் கேட்டேன்.

"என்ன டியூபுங்க மேடம்?"

கையிலிருந்த கேரட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த வைத்தியத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கத்தி இல்லை, தையல் இல்லை. சிறுநீர் வரும் வழியாகவே கேமரா வைத்த மெல்லிய குழாயை மேலே அனுப்பி, கிட்னிக்குள் இருக்கும் கல்லை லேசரால் தூளாக்குகிறார்கள். அருமையான வைத்தியம். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். வேலை முடிந்ததும், அந்தத் தூள் வழியில் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, கிட்னியிலிருந்து சிறுநீர்ப் பை வரை ஒரு மெல்லிய டியூபை உள்ளேயே விட்டு வைப்பார்கள். ஸ்டென்ட் என்று பெயர். சில வாரம் கழித்துத் திரும்பப் போய் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால்? அதன் மேலேயே கல் பிடிக்கும். கல்லை எடுக்கப் போய், கல் படர்வதற்குக் கொழுகொம்பு நட்டுவிட்டு வந்த கதைதான்.

எனக்கு அந்த ஸ்டென்ட் குத்தியது, எரிந்தது. அதை வைத்து ஒரு பத்தியே எழுதினேன். எடுக்கவேண்டிய தேதிக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு இரண்டு முறை போன் வந்தது. புஷ்பம் கொடுத்திருந்தது தங்கையின் நம்பர். தங்கை நடுவில் சிம்மை மாற்றிவிட்டாள்.

ஆனால் போன் வராததல்ல விஷயம். விஷயம் நான்.

எங்கள் இருவருக்கும் ஒரே நாளில்தான் டிஸ்சார்ஜ். புஷ்பத்துக்குத் துணையாக வந்த தங்கை, லீவு முடிந்ததென்று முந்தின நாளே மலையேறிவிட்டாள். தனியாக பஸ்ஸுக்கு நிற்கிறாரே என்று எங்கள் காரில் ஏற்றிக்கொண்டோம். எனக்கு என்னைப் பற்றிப் பெருமை பிடிபடவில்லை. எவ்வளவு நல்ல மனசு பாருங்கள் எனக்கு!

பர்லியாரில் டீ குடிக்க நிறுத்தியபோது புஷ்பம் ஃபைலை நீட்டினார். "எல்லாம் இங்கிலீசுல போட்டிருக்குதுங்க. என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க மேடம்."

படித்தேன். ஒரு கையில் டீ, ஒரு கையில் காகிதம். இரண்டு தாள், மூலையில் பின் அடித்திருந்தது. மேல் தாளைப் பார்த்தேன். இடது கிட்னியில் கல், லேசர் சிகிச்சை, கல் முழுதும் தூளாக்கப்பட்டது, ஐந்து நாள் மாத்திரை, நிறையத் தண்ணீர். "கல்லெல்லாம் போயிடுச்சு புஷ்பம். இனி ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடினேன். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுக்குப் போனா எரியுதுங்களே?"

"லேசர் பண்ணினா கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். எனக்கும் எரியுது" என்றேன். எனக்கு எரிந்தது எதனால் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் அந்த டியூப் இருக்குமே, அது அவருக்குத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றியதா? தோன்றவில்லை.

அதற்குப் பதில் உபதேசம் செய்தேன். தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றேன். புஷ்பம் சிரித்தார். "குடிச்சுட்டு எங்கீங்க மேடம் போறது? மலைக்காட்டுல கக்கூசா இருக்குது? தேயிலைச் செடி இடுப்பு ஒசரம். மேல கங்காணி நிக்கிறாரு, கீழ காட்டெருமை நிக்குது. காலையில ஒரு டம்ளர் டீ, அவ்வளவுதானுங்க. கொழுந்து நிறுத்துப் போட்டுட்டு ஊட்டுக்கு வந்துதான் தண்ணி."

நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா? அந்தக் கங்காணியையும் காட்டெருமையையும் அப்படியே பத்தியில் போட்டேன். ரசித்துக் கடிதம் எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சுக்கு எனக்குக் கிடைத்தது பாராட்டு. அந்த வாழ்க்கைக்கு அவருக்குக் கிடைத்தது கல். இது அப்போது உறைக்கவில்லை, இப்போது உறைக்கிறது.

மார்க்கெட்டிலிருந்து நேராக எஸ்டேட் ஆபீஸுக்குப் போனோம். ஏனென்றால் ஃபைல் புஷ்பத்திடம் இல்லை. எஸ்டேட்டில் வழக்கம் அதுதான். ஆஸ்பத்திரிக் காகிதத்தை அப்படியே ஆபீஸில் கொடுத்தால்தான் சிக் லீவு. நகல் எடுத்து வைத்துக்கொள்கிற பழக்கமெல்லாம் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் கிடையாது. லீவு கிடைத்துவிட்டால் அந்தக் காகிதத்தின் வேலை முடிந்தது.

கிளார்க் நல்ல மனிதர். பத்தே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார். முதல் பக்கத்தில் "லீவு அனுமதிக்கப்பட்டது" என்று ஊதா நிற சீல். அடியில் இரண்டாம் பக்கம் புதுத் தாள் போல மடிப்புக்கூட இல்லாமல் இருந்தது. நான்கே வரி. இடது பக்கம் ஸ்டென்ட் வைக்கப்பட்டுள்ளது, நான்கு வாரத்தில் கட்டாயம் அகற்ற வேண்டும், கீழே தேதி. கட்டாயம் என்ற சொல்லின் அடியில் யாரோ பேனாவால் கோடு வேறு போட்டிருந்தார்கள்.

"இதை நீங்கள் பார்க்கவில்லையா?" என்று கிளார்க்கிடம் குரலை உயர்த்தினேன். வெட்கமில்லாமல்.

"எத்தனை நாள் ரெஸ்டுன்னு மட்டுந்தானுங்க மேடம் நாங்க பார்ப்போம். அது மொதப் பக்கத்துலயே இருந்துதுங்களே" என்றார்.

அவர் தனக்குத் தேவையானதை மட்டும் பார்த்தார். நானும்தான். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

ஆபீஸிலிருந்து திரும்பும் வழியில் புஷ்பம் சொன்னார். நர்ஸ் "மறுபடி வந்து காட்டுங்க" என்றுதான் சொல்லி அனுப்பினாராம். "நீங்கதான் ஒண்ணும் இல்லைன்னுட்டீங்களே, வெறுமனே காட்டறதுக்கு எதுக்கு ஒரு நாள் லீவுன்னு இருந்துட்டனுங்க." ஆறு மாதம் எரிச்சல், அப்புறம் வலி, நடுநடுவே ரத்தம். அதையெல்லாம் லேசரின் பின்விளைவு என்று பொறுத்துக்கொண்டிருக்கிறார். அடிக்கடி சிறுநீர் வருகிறதே என்று வேலை நேரத்தில் அந்த ஒரு டம்ளர் டீயையும் நிறுத்தியிருக்கிறார். பதினான்கு மாதம்!

கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயில் டியூபின் இரண்டு முனையிலும் கோலிக்குண்டு அளவுக்குக் கல். ஸ்கேனில் இடது கிட்னி வேலை செய்வதை எப்போதோ நிறுத்தியிருந்தது. டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். பாதி பேச்சில், "ஒருத்தர்கூடவா இவங்ககிட்ட சொல்லலை?" என்று தமிழுக்கு வந்தார். எனக்குப் பதில் தெரியும். சொல்லவில்லை. அங்கேயும் கோழைதான்.

புஷ்பத்திடம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். பர்லியாரில் நான் இரண்டாம் பக்கத்தைத் திருப்பவே இல்லை என்று. திட்டுவார், அழுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர், "உங்களுக்கும் அன்னிக்கு ஒடம்பு முடியலீங்களே மேடம்" என்றார்.

தாங்க முடியவில்லை. இப்போதும் முடியவில்லை.

நர்ஸ் புதுக் காகிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். இந்த முறை மூன்று தாள். புஷ்பம் அதை வாங்கிய கையோடு என்னிடமே நீட்டினார்.

"என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க மேடம்."

ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்தேன். ஒவ்வொரு தாளின் பின்புறத்தையும் திருப்பிப் பார்த்தேன். போன முறை, எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது டியூபை.

இந்த முறை, கிட்னியை.