பதினான்கு கிலோ கமராவும் ஒரு வாளித் தண்ணீரும்

எல்லாத் தொழிலிலும் வேலை செய்தவன் ஆர் என்று தேடிப் பார்ப்பார்கள். எங்கள் தொழிலில் வேலை செய்தவன் அங்கே நடந்து திரிந்தான் என்பதே தெரியக்கூடாது.

நான் சொல்வது கலியாண வீட்டு வீடியோத் தொழிலை. பாரம் ஒன்றைச் சுமந்துகொண்டு, சுமப்பது தெரியாத முகத்தோடு நடந்த எவருக்கும் என் பாடு விளங்கும். அரிசி மூட்டை கட்டிய சைக்கிளை மணலில் உழக்கியவர்கள், நித்திரையான பிள்ளையை எழுப்பாமல் பஸ்ஸால் இறக்கியவர்கள், கொதிக்கிற பாயாசக் கிடாரத்தை இரண்டு பேராகத் தூக்கிச் சனத்துக்கு நடுவே கொண்டுபோனவர்கள், எல்லோரும் என்னுடைய ஆட்கள்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், குடாநாடு முழுக்கக் கரண்ட் இல்லாத காலத்தில், யாழ்ப்பாண ரவுணில் ஒரு சின்ன ஸ்ரூடியோவில் நான் கமரா சுமந்தேன். அந்தக் காலத்தில் பண்டத்தரிப்பில் ஒரு பிள்ளையின் கலியாணம் சரிவருமோ வராதோ என்பது கொஞ்ச நேரம் என் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன். கமரா தோளை விட்டு இடுப்புக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காவடி

எங்கள் முதலாளி ராசன் அண்ணை பழைய வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் ஒரு படத்தைக் கண்டார். ஒரு வெள்ளைக்காரன் நெஞ்சில் கவசம் போட்டிருக்கிறான். கவசத்திலிருந்து ஓர் இரும்புக் கை நீள்கிறது. கையின் நுனியில் கமரா நிற்கிறது. ஓடினாலும் படியேறினாலும் படம் ஆடாதாம். அப்போது எங்களுடைய பெரிய தலையிடியே படம் ஆடுவதுதான். “தங்கச்சியின்ரை கலியாணத்தைப் பாத்து வீட்டிலை எல்லாருக்கும் தலை சுத்து” என்று கனடாவிலிருந்து கடிதம் வரும். அண்ணை அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வெல்டிங் கடைக்குப் போனார். தண்ணீர்க் குழாய், மோட்டார் சைக்கிள் சீற்றில் கழற்றிய ஸ்பிரிங் இரண்டு, பாரம் இடுப்பில் இறங்கும்படி படங்குத் துணியில் தைத்த நெஞ்சுப்பட்டை, அவ்வளவுதான். குழாயின் மேல்நுனியில் கமரா. அது குப்புறாமல் இருக்கக் கீழ்நுனியில் மோட்டார் சைக்கிள் பற்றறி. கமராவுக்குக் கரண்ட் கொடுப்பதும் அதுவே. எல்லாமாகப் பதினான்கு கிலோ. ஸ்ரூடியோவில் போட்டோப் பிடிக்கும் தேவன் பார்த்த உடனேயே அதற்குக் காவடி என்று பெயர் வைத்துவிட்டான்.

கட்டிய முதல் நிமிடத்தில் முன்பக்கமாக விழப்போனேன். அரை மணித்தியாலத்தில் இடுப்புக்குப் பின்னால் நாரி விட்டுப்போயிற்று. பற்றறியில் சிந்திய அமிலம் உடுத்திருந்த சாரத்தில் மூன்று ஓட்டை போட்டது. பார்க்கிற கண்ணாடி என் கண்ணுக்கு எட்டாது என்பதால், என்ன படம் விழுகிறது என்று தெரியாமலே எடுக்கவேண்டும். பயத்தில் குழாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். இறுக்கப் பிடித்தால் நான் விடுகிற மூச்சுக்கூடப் படத்தில் ஏறி இறங்குகிறது. பின்னேரம் கை களைத்துத் தானாகவே தளர்ந்தபோதுதான் அது நடந்தது. நான் ஓர் அடி வைத்தேன், கமரா அசையவில்லை. படியில் ஏறினேன், இறங்கினேன். அது தன்பாட்டில் மிதந்து என்னோடு கூட வந்தது. சின்னனில் நான் கேட்ட கதைகளில் சில்லு நிலத்தில் படாமல் ஓடுகிற தேர் ஒன்று வரும். சொன்னவர்களுக்காகத் தலையாட்டியிருக்கிறேனே தவிர நம்பியதில்லை. அன்றைக்கு ஸ்ரூடியோவின் பின்வளவில், கோழிகளுக்கு நடுவில் நின்று நம்பினேன். கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ராசன் அண்ணை சொன்னார்: “இனி அதைப் பிடியாதை. தொட்டுக்கொண்டு மட்டும் நில். உன்னைவிட அதுக்கு நிதானம் கூட.”

தேசிக்காய்

அந்த வருடம் ஆயுத பூசைக்கு ராசன் அண்ணையின் மனைவி ஸ்ரூடியோச் சாமான் ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தா. புதுச் சாமான் என்று காவடிக்கு மட்டும் விசேடமாக மாலையும் ஒரு தேசிக்காயும், அதுதான் எலுமிச்சம்பழம், கட்டினா. மாலை வாடி உதிர்ந்தது. பூசையில் கட்டினதை அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை. தேசிக்காய் வலது பக்கத்தில் தொங்கியபடியே இருக்க, நல்லூரில் ஒரு கலியாணத்துக்குப் போனேன். திறமாக நடந்தேன் என்றுதான் நினைத்தேன். வந்து போட்டுப் பார்த்தால் மணவறை சரிந்திருக்கிறது, குத்துவிளக்கு சரிந்திருக்கிறது, ஐயரும் மாப்பிள்ளையும் கப்பலில் இருப்பவர்கள்போல ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறார்கள். பதினான்கு கிலோ இரும்பை ஒரு தேசிக்காய் சரித்திருக்கிறது. எனக்கு வெட்கத்தைவிட வியப்புத்தான் கூட இருந்தது.

அடுத்த வேலைக்கு முன் இடது பக்கத்திலும் ஒரு தேசிக்காய் கட்டினேன். காவடி நிமிர்ந்து நின்றது. ஆனால் நல்லூர்ப் படத்துக்கு அது உதவாதே. கலியாணப் பெம்பிளையின் தகப்பன் வீட்டில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கசெற்றோடு வந்து, முழுப் படத்தையும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு திரும்பப் பார்த்தார். நான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் கழுத்தைத் தடவிக்கொண்டு எழும்பினார். “அப்ப பிழை எங்கடை வீட்டிலை இல்லை. மேசனைக் கூப்பிட ஆள் அனுப்பிப்போட்டு வந்தனான், தம்பி.”

மாமாவின் யோசனை

பண்டத்தரிப்பிலிருந்து ஒரு மாமா வந்தார். தகப்பன் இல்லாத மருமகளுக்கு அவர்தான் எல்லாம். பிள்ளையின் பெயர் வதனி. கனடாவில் இருக்கிற மாப்பிள்ளை ஒருவர் போட்டோவில் பார்த்துப் பிடித்துவிட்டது என்றும், இனி வீடியோவில் வீடு வாசலோடு பார்க்கவேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். பொருந்தினால் கலியாணம், இதற்கு முன்னே இரண்டு சம்பந்தம் வாசல் படலைவரை வந்து திரும்பியிருக்கிறது.

தேவனும் நானும் காவடியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வெள்ளனவே போய்ச் சேர்ந்தோம். வீடு, மாடு, மிளகாய்த் தோட்டம், கதிரையில் இருக்கிற வதனி என்று எடுத்து முடிய, பற்றறியில் ஓர் ஐந்து நிமிடம் மிச்சம் இருந்தது. பிள்ளை நடந்து வருவதை எடுக்கவேண்டும் என்றேன். மாமா என் தோளில் கை போட்டு மாட்டுக் கொட்டில் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். வதனிக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் கொஞ்சம் கட்டை. மாப்பிள்ளை பகுதிக்கு இன்னும் சொல்லவில்லை. “பேந்து ஆறுதலாய்ச் சொல்லுவம்” என்றார். நடக்கிறதை எடுக்காமலே விட்டால் சந்தேகப்படுவார்கள், எடுத்தால் தெரிந்துவிடும். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். “உந்தக் காவடியைக் கழட்டிப்போட்டுப் பழையபடி தோளிலை வைச்சு நல்லா ஆட்டி எடும், தம்பி. படம் முழுக்க ஆடினால் எது படம், எது கால் எண்டு ஆருக்குத் தெரியும்?”

ஒரு திருகாணி

இரண்டு வருடமாகப் படம் ஆடாமல் இருக்க நாரியை முறித்த எனக்கு, ஆட்டத்துக்கு இப்படி ஒரு உபயோகம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. யோசித்துப் பார்த்தேன், மாமா சொன்னது சரி. தோளில் வைத்து எடுத்தால் அந்தக் கால் ஒருவர் கண்ணுக்கும் படாது. காவடியில் எடுத்தால் வேலி நேராக நிற்கும், கிணறு நேராக நிற்கும், அவ மட்டும் ஏறி இறங்கி வருவா. எனக்குப் பெரியாக்களை மறுத்துக் கதைத்துப் பழக்கமில்லை. ஓம் என்று சொல்லிக் குந்தியிருந்து, கமராவைப் பிடித்திருந்த திருகாணியைக் கழற்றத் தொடங்கினேன்.

வதனி கதிரையை விட்டு எழும்பி என்னிடம் நடந்து வந்தா. “அண்ணை, உதைப் பூட்டுங்கோ. ஆடாமல் எடுங்கோ.” மாமா, “பிள்ளை, நீ சும்மா இரு. இது இந்த முறையும் குழம்பினால் கொம்மாவுக்கு ஆர் மறுமொழி சொல்லுறது?” என்றார். சமையல் நடந்துகொண்டிருந்த குசினி வாசலில் தாய் சீலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றா. என் கையில் திருகாணி. ஐந்து நிமிடப் பற்றறியில் ஒருமுறைதான் எடுக்கலாம். வதனி குரலை உயர்த்தாமல் மாமாவைப் பார்த்துச் சொன்னா: “நாளைக்குக் கனடாவிலை பிளேனாலை இறங்கி நடக்கேக்கை ஆர் மாமா கமராவை ஆட்டுறது?”

வரம்பு

நான் திருகாணியைத் திரும்பப் பூட்டினேன். சும்மா நடந்து வந்தால் நாடகம் மாதிரி இருக்கும், ஒரு வேலையோடு வருகிறேன் என்று வதனி கிணற்றடிக்குப் போய் வாளியை நிரப்பினா. விளிம்பு முட்டத் தண்ணீர். கிணற்றடியிலிருந்து குசினிவரை மிளகாய்ப் பாத்திகளுக்கு நடுவே ஒரு வரம்பு. இரண்டு பாதம் சேர்த்து வைக்கத்தான் இடம். அவ முன்னுக்கு வரவேண்டும், நான் அவவைப் பார்த்தபடி பின்பக்கமாக நடக்கவேண்டும். தேவன் எனக்குப் பின்னால் நின்று என் பெல்ற்றைப் பிடித்துக்கொண்டான். இழுத்தால் வா, தள்ளினால் நில். காலை வெயில் முதுகில் சுட்டது. காவடியின் பாரம் ஒரு பக்கமாக இழுக்க நான் மற்றப் பக்கமாகச் சரிந்துகொண்டு பின்னடி வைத்தேன்.

அவ வந்தா. ஒவ்வோர் அடிக்கும் உடம்பு வலப்பக்கம் இறங்கி ஏறியது. நான் மறைக்கவில்லை, கமராவும் மறைக்கவில்லை. நாலைந்து அடி போனபிறகுதான் என் கண் வாளியில் விழுந்தது. விழுந்த கண்ணை எடுக்க முடியவில்லை. உடம்பு இறங்கும்போது முழங்கை மடிகிறது, ஏறும்போது நீள்கிறது. இடது கை வெளியே போய் எடை பார்க்கிறது. தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்து வருகிறது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. வெல்டிங் கடையில் மாதக்கணக்காகத் தட்டி நிமிர்த்திச் செய்த சங்கதி, இரண்டு ஸ்பிரிங்கும் எதிர்ப்பாரமும், ஒரு மனிதத் தோளில் முன்னமே இருந்திருக்கிறது. குசினி வாசலில் அவ வாளியை வைக்கவும் பற்றறி சாகவும் சரியாக இருந்தது. பெல்ற்றை விட்ட தேவன் என் காதுக்குள் கேட்டான்: “மச்சான், நீ அந்தப் பிள்ளையைப் பாத்து எடுத்தியோ, வாளியைப் பாத்து எடுத்தியோ?”

திருப்பிப் போடுங்கோ

அவன் கேட்டது விளையாட்டுக்கு அல்ல. காவடி கட்டினவர்களுக்குத் தெரியும், கண் போகிற பக்கம் இடுப்புத் திரும்பும், இடுப்புத் திரும்புகிற பக்கம் கமரா போகும். ஸ்ரூடியோவில் ஜெனறேற்றரைப் போட்டுப் பார்த்தபோது அதுதான் நடந்திருந்தது. முதல் நாலைந்து அடிக்கு வதனி முழுதாக வருகிறா. அதன்பிறகு முகம் மெல்ல மெல்ல மேலே போய் மறைய, குசினிவரைக்கும் வாளியும் கையும் காலும்தான். பெம்பிளை பார்க்கிற படத்தில் பெம்பிளைக்கு முகம் இல்லை. திரும்ப எடுப்போம் என்று அண்ணையிடம் சொல்ல முதலே, கனடாவுக்கு அனுப்ப முன்னம் ஒருக்கால் பார்க்கவேண்டும் என்று மாப்பிள்ளையின் அக்கா நல்லூரிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினா. மாமாவும் வந்திருந்தார்.

வரம்பு வந்ததும் மாமா கதைக்கத் தொடங்கினார். கிணறு நல்ல தண்ணிக் கிணறு என்றார், மிளகாய் இந்த முறை நல்ல விளைச்சல் என்றார். படம் முடிந்தது. அக்கா, “அந்த நடையைத் திருப்பிப் போடுங்கோ” என்றா. போட்டேன். “இன்னொருக்கால்.” போட்டேன். “அது நிலம் கொஞ்சம் மேடு பள்ளம், பிள்ளை” என்றார் மாமா. “நிலம் நேராய்த்தான் கிடக்கு, ஐயா” என்றா அக்கா. நான் எழும்பி, முகம் விடுபட்டது என்னுடைய பிழை, கால் வடிவாகத் தெரிவது என்னுடைய பிழை இல்லை என்று சொல்ல நினைத்து, முதல் பாதியை மட்டும் சொன்னேன். அக்கா ரி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் மறுமொழி சொன்னா. “முகத்தை என்ரை தம்பி போட்டோவிலை பாத்திட்டான். எனக்கு ரெண்டு காலும் சரி. நான் கிணத்தடியிலையிருந்து வந்தால் அரை வாளிதான் வந்து சேரும். ஒண்டும் வெட்டாமல் அனுப்புங்கோ.”

பாஸ்போட் படம்

கொழும்புக்குப் போன ஒருவரிடம் கசெற் போயிற்று. பிறகு மாதக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லை. பண்டத்தரிப்புப் பக்கம் வேலை வந்தால் தேவனைத் தனிய அனுப்பிவிட்டு நான் ஒளித்துக்கொண்டிருந்தேன். ஆட்டியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு இந்நேரம் காரியம் ஒப்பேறியிருக்குமோ என்று நாரி வலிக்கிறபோதெல்லாம் நினைப்பு வரும்.

ஒருநாள் முற்பகல் வதனி மாமாவோடு ஸ்ரூடியோவுக்கு வந்தா. கனடாவிலிருந்து ஓம் என்று கடிதம் வந்துவிட்டதாம், பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கவேண்டுமாம். மாமா ராசன் அண்ணைக்கு வெற்றிலை நீட்டிக்கொண்டு, தானே ஆடாமல் எடுக்கச் சொன்னதுபோலக் கதைத்தார். தேவன் லைற்றைச் சரிப்படுத்துகிற நேரம், கடிதத்தில் மாப்பிள்ளை காலைப்பற்றி ஏதும் எழுதினவரோ என்று நான் மெதுவாகக் கேட்டேன். வதனி நாடியை நிமிர்த்தி, கமராவைப் பார்த்தபடியே சொன்னா: “காலைப் பற்றித்தான் எழுதினவர், அண்ணை, என்ரை காலைப் பற்றி இல்லை. வரம்பிலை விழுந்த நிழலிலை ஒருத்தர் நொண்டி நொண்டிப் பின்னாலை போறார், பாவம், அவருக்குக் காலிலை என்ன வருத்தம் எண்டு கேட்டு எழுதியிருக்கிறார்.”

ஆடாத படம் எடுக்கிறவன் எப்படி ஆடுகிறான் என்பதை உள்ளூரில் ஒருவரும் கவனிக்காததால், அதைக் கனடாவிலிருந்து ஒருவர் எழுதிக் கேட்கவேண்டியதாயிற்று.