முப்பது வருடத்துக்கு ஒரே எண்

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை. முப்பது வருடம் கழித்து ஓர் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் குடிநீர்த் தொட்டி எவ்வளவு பெரியது, குழாய் எவ்வளவு அகலம் என்றெல்லாம் முடிவாகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை எழுதும்போது பயமாக இருக்கும். பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் தப்போ என்னவோ.

போன வருடம், கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைக்குப் புதிய குடிநீர்த் திட்டம் என்று கோப்பு வந்தது. பழைய கோப்பைத் தேடி எடுத்தால், கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து. முப்பது வருடத்துக்கென்று அன்று நான் எழுதிய எண்ணை ஊர் எப்போதோ தாண்டியிருந்தது.

கூட்டலில் பிழை இல்லை. முந்தைய கணக்கெடுப்புகளில் ஊர் வளர்ந்த வேகத்தை அப்படியே முன்னால் நீட்டியிருந்தேன். செங்கம் சாலையில் இடம் போதாமல் பக்தர்களுக்கான வாடகை அறைகள் பாதையோரமாக இந்த ஊர் வரைக்கும் வந்து சேரும் என்பது எந்தப் பட்டியலிலும் இல்லை. அந்தக் கணக்கை எழுதிய அதே வருடம் தொலைவில் இருந்த இன்னொரு கிராமத்துக்கு நான் எழுதிய எண் தலைகீழாகப் பொய்த்தது. அங்கே பிள்ளைகள் பெருகுவார்கள் என்று நம்பிக் கட்டிய வகுப்பறை பூட்டிக் கிடக்கிறது.

இந்த முறை ஊரை நேரில் பார்த்துவிடலாம் என்று போனேன். பாதையோரம் இட்லிக் கடை வைத்திருந்த பெண்ணிடம், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன்.

"கார்டுல நாலு பேரு மேடம். மாடியில வாடகைக்கு மூணு பேரு. அவங்க ஆறு மாசத்துல போயிடுவாங்க, வேற ஆளு வந்துடும். பெரியவன் ஓசூர்ல வேல செய்றான், சனிக்கிழமையானா வந்துடுவான். பௌர்ணமின்னா வாசல் முழுக்க ஜனங்க உக்காந்துனு இருக்கும். இதுல யார எழுதிக்கப் போறீங்க?"

பேச்சை மாற்றி, தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டேன்.

"மூணு நாளைக்கு ஒருவாட்டி வருது. தொட்டி ரொம்பக் கம்மி. இன்னா கணக்குல கட்டினாங்களோ!"

"அந்தக் கணக்கப் போட்டது நான்தாங்க."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப இந்தவாட்டியாச்சும் பாத்துப் போடுங்க மேடம்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பி, எனக்குத் தெரிந்த மூன்று முறைகளிலும் கணக்கிட்டேன். மூன்றும் வேறு வேறு எண்களைக் கொடுத்தன. மூன்றையும் எழுதிப் பொறியாளரிடம் வைத்தேன். என்னைவிட வயதில் இளையவர், பொறுமைசாலி.

"மூணு நம்பர் குடுத்தா நான் எந்த நம்பருக்கு மேடம் தொட்டி கட்டுறது?"

"எனக்கே தெரியல சார். கடைசியா எடுத்த கணக்கெடுப்பே பழசாயிடுச்சு. அதுக்கு மேல சொல்றதெல்லாம் ஊகம்தான்."

"ஊகம்னு ஃபைல்ல எழுத முடியுமா?"

"அப்ப ஜாஸ்தியாவே வெச்சுக்கலாமா?"

"ஜனங்க வரலன்னா தண்ணி தேங்கிக் கெட்டுப் போயிடும்."

மூன்று நாள் இப்படியே போனது. கடைசியில் நடு எண்ணையே எழுதினேன். அதற்குக் கீழே இரண்டு வரி சேர்த்தேன்: ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இந்தக் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும், தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு தொட்டிக்கு இடம் விட வேண்டும்.

பொறியாளர் முதல் வரியை அடித்துவிட்டார். "அஞ்சு வருஷம் கழிச்சு நான் எந்த ஊர்ல இருப்பேனோ, யாரு பாக்கப் போறாங்க?" என்றார். இரண்டாவது வரியின் மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதை அப்படியே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது தொட்டிக்குத் தூண்கள் எழும்பிவிட்டன. அந்தப் பக்கம் போகும்போது பேருந்திலிருந்து பார்ப்பேன். இந்த எண்ணாவது நிற்குமா என்று யாராவது கேட்டால், நிற்காது என்றுதான் சொல்வேன். எந்தப் பக்கம் பிசகும் என்பது மட்டும் தெரியவில்லை. தெரியும்போது நான் ஓய்வு பெற்றிருப்பேன்.

இன்னொரு தொட்டிக்காக விட்ட பக்கத்து இடத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். பௌர்ணமிக்கு வண்டி நிறுத்த அதை யாரோ கேட்டார்களாம். பொறியாளர் மறுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அதைக் கேட்ட அன்றைக்கு மத்தியானம் மட்டும் சோறு கொஞ்சம் நிம்மதியாக இறங்கியது.